பிள்ளைகளோடு ஏரியில் இறங்குமுன்

ராசா,

அரையாண்டு லீவில் பிள்ளைகள் இருவரையும் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு வருவதாகப் போனில் சொன்னாய். பெரியவளுக்கு எட்டு முடிந்துவிட்டது, சின்னவனுக்கு ஆறு நடக்கிறது, சென்னையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஒருமுறையாவது அப்பன் பிறந்த தண்ணீரில் இறங்கி மீன் பிடித்துப் பார்க்கட்டும் என்றாய். என்னென்ன எடுத்துவர வேண்டும் என்றும் கேட்டாய். சாமான் எல்லாம் இங்கேயே இருக்கிறது. வலை நான் தருகிறேன், பறி தருகிறேன். பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ் பிடித்து வந்தால் போதும்.

ஆனால் போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அறுபது வருஷமாக இந்த ஏரியில் நிற்கிறேன். நானும் பிள்ளை பெற்றவன். ஒருத்தன் இனி ஏரிப் பக்கமே வரமாட்டேன் என்று போய்விட்டான். ஒருத்தி தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே நின்று வளர்ந்தாள். இரண்டுக்கும் காரணம் நான்தான். அந்தத் தப்பை நீயும் செய்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். பெரியப்பா பேச்சு நீளம் என்று உனக்குத் தெரியும். பொறுத்துக்கொண்டு படி.

1. பிக்னிக் என்று பிள்ளைகளிடம் சொல்லாதே. நம் ஆட்கள் 'தொழில்' என்பார்கள், பேப்பரில் 'மீன்வேட்டை' என்று போடுவார்கள். நீ வேட்டை என்றே சொல். ஒரு உயிரைப் பிடிக்கப் போகிறோம், அது சாகும், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பிடுவோம் என்று முந்தின நாள் ராத்திரியே சொல்லிவிடு. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று நினைக்காதே. சொல்லாமல் கூட்டிப்போய்ப் பறிக்குள் மூச்சுக்குத் தவிக்கும் மீனைத் திடீரென்று காட்டினால்தான் அது பயப்படும். பயந்த பிள்ளை தண்ணீரையும் நம்பாது, உன்னையும் நம்பாது.

2. போட்டதை எண்ணி வை, எடுத்ததையும் எண்ணு. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் உன் தாத்தா. கற்றது மீன் வேட்டையில் இல்லை, பறவை வேட்டையில்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது இருக்கும். தை மாதம் தண்ணீர் வடிந்து சேற்றுத் திட்டுகள் தலைகாட்டியதும் உள்ளான் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். தாத்தா குச்சிகளை வரிசையாக நட்டு, மெல்லிய நூலில் சுருக்குக் கண்ணி கட்டுவார். நாங்கள் இருவரும் கோரைப்புல் மறைவில் குந்தியிருப்போம். முதல் பறவை சிக்கியபோது அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு முட்டை அளவுக்குக்கூடக் கனமில்லை. ஆனால் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது இருக்கிறதே, அது இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்ப வாங்கி ஒரு நொடியில் கழுத்தைத் திருகினார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை.

அன்று இருட்டும் நேரத்தில் கரையேறப் போனோம். கண்ணியை எண்ணினார். போட்டது பதினேழு, கையில் பதினாறு. எனக்குக் குளிர், பசி, அழுகை. "ஒண்ணுதானேப்பா" என்றேன். "நாம மறந்துட்டா அது மறக்காது. ராத்திரியெல்லாம் அங்கேயே நிக்கும்" என்று சொல்லித் திரும்பி நடந்தார். முழங்கால் சேற்றில் அரை மணி நேரம் தடவி அந்த ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் வீட்டுக்கு வந்தோம்.

பிறகு 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஏரியின் ஆந்திரப் பக்கம் 1976-லும் நம் பக்கம் 1980-லும் பறவைகள் சரணாலயம் ஆயின. தாத்தா கண்ணிகளை எல்லாம் அடுப்பில் போட்டார். அந்த வேட்டை அத்தோடு முடிந்தது, முடிந்தது நல்லதுதான். இன்றைக்குப் பறவைமேல் கை வைத்தால் குற்றம். உன் பிள்ளைகளுக்கு அதையும் சொல். ஆனால் பதினேழாவது கண்ணியைத் தேடி நடந்த மனிதனையும் சொல். நீ தண்ணீரில் போடும் நூலும் அப்படித்தான். அறுந்த வலைத் துண்டு ஒன்று ஏரியில் கிடந்தால், ஆளே இல்லாமல் அது பாட்டுக்கு மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். கொண்டுபோன கயிறு, பாலிதீன் பை, தூண்டில் முள், எல்லாவற்றையும் பிள்ளைகளை விட்டே எண்ணச் சொல். எண்ணிக்கை சரியாகாமல் கரையேறாதே.

பூநாரைகளை அவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள். நீ வரும் நாட்களில் பெரும்பாலும் வந்துவிடும். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்து நீரை வடிகட்டித் தின்னும். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பறக்கிற படம் வேண்டும் என்று படகுக்காரனைக் கிட்டத்தில் ஓட்டச் சொல்லாதே. வயிற்றுக்காக இவ்வளவு தூரம் வந்த விருந்தாளியை இலையிலிருந்து எழுப்பிவிடக் கூடாது.

3. முதல் நாள் குறைவாக வைத்துக்கொள். விடியற்காலை இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறிவிடு. பிள்ளை 'போதும்' என்றால் அந்த இடத்திலேயே போதும். பசி, தாகம், ஒன்றுக்கு வருகிறது, எதுவாக இருந்தாலும் மீனைவிட அது பெரிசு. நான் என் சின்னவனை முதல் நாளே நடுப்பகல்வரை படகில் வைத்திருந்தேன், இன்னும் ஒரு வீச்சு, இன்னும் ஒரு வீச்சு என்று. அவனுக்கு அன்று ஏரி என்றால் தலைவலி என்று பதிந்துபோனது. அது மாறப் பத்து வருஷம் ஆனது.

4. ஏரி ஆழமில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். பல இடங்களில் உன் இடுப்பளவுதான், உண்மை. ஆனால் உன் இடுப்பு உன் மகனுக்குக் கழுத்து. முகத்துவாரத்துப் பக்கம் பிள்ளைகளைக் கொண்டுபோகவே போகாதே. ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றையொன்று இழுக்கும் இடம் அது. அறுபது வருஷம் பழகிய நானே அங்கே காலூன்ற யோசிப்பேன். 2011 டிசம்பர் 25, நீ வரப்போகும் இதே லீவு நாட்கள். சுற்றிப்பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அன்று சாயங்காலம் கரையில் கேட்ட அழுகையை நான் எழுத மாட்டேன். லைஃப் ஜாக்கெட் பிள்ளைகள் அளவுக்கு வாங்கி வா. பெரியவர் அளவில் உள்ளது பிள்ளையின் தலைவழியாகக் கழன்றுவிடும். வீட்டிலேயே போட்டுப் பார்த்து, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார். நீயும் ஒன்று போட்டுக்கொள். அப்பன் போடாததைப் பிள்ளை போடாது.

சேற்றில் நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்க விடாதே, தரையோடு இழுத்துக்கொண்டே நடக்கச் சொல். சேற்றுக்குள் திருக்கை படுத்திருக்கும். மேலே மிதித்தால் வாலில் உள்ள முள்ளால் குத்தும், பக்கத்தில் சேறு அசைந்தால் தானே விலகிப் போய்விடும். கெளுத்தி வலையில் வந்தால் பிள்ளைகள் கை வைக்க வேண்டாம். தப்பித்தவறி முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவுச் சுடுதண்ணீரில் காலையோ கையையோ வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போ.

5. பிள்ளை அழுதால் சிரிக்காதே.

இதை எழுதத்தான் மற்றதெல்லாம் எழுதினேன் என்று வைத்துக்கொள்.

உன் அண்ணனுக்கு, என் பெரியவனுக்கு, அப்போது ஏழு வயது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. வலையில் நல்ல களிநண்டு ஒன்று சிக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. பொறுமையாகப் பிரித்திருந்தால் முழுசாக வந்திருக்கும். எனக்கு அவசரம், பிடித்து இழுத்தேன். கொடுக்கு ஒன்று வலையிலேயே நின்றுவிட்டது. மிச்ச நண்டு என் கையில் கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. அவன் பார்த்தான். "அதுக்கு வலிக்கும்ப்பா" என்று சொல்லி அழ ஆரம்பித்தான். படகில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் எதிரில் எனக்கு வெட்கமாகப் போயிற்று. "மீன்காரன் பிள்ளை நண்டுக்கு அழுவுது பாருங்கடா" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். அவன் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஏரித் தண்ணீர் கண்ணில் பட்டு எரிந்திருக்கும். கண் சிவந்து போய்ப் படகின் முனையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

அதற்குப் பிறகு என் எதிரில் அவன் அழுததே இல்லை. உன் பெரியம்மா போன அன்றுகூட. வாசலில் நின்று வந்தவர்களுக்கு நாற்காலி போட்டான், பந்தல்காரனுக்குப் பணம் கொடுத்தான், காரியம் எல்லாம் ஒரு குறையில்லாமல் செய்தான். முகம் மட்டும் காய்ந்த சேறு மாதிரி இருந்தது. நான் அவன் தோளில் கை வைத்தேன். "ஒண்ணுமில்லப்பா" என்று நகர்ந்துவிட்டான். அந்தப் படகில் நான் விதைத்தது வாசலில் வந்து முளைத்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பத்தாவது முடித்ததும் மணலிப் பக்கம் வேலைக்குப் போனவன் ஏரியில் மறுபடி கால் வைக்கவில்லை. மாதாமாதம் பணம் அனுப்புகிறான். நண்டு சாப்பிடுவதில்லை.

போன வருஷம் பேத்தி போனில் எதையோ படித்துச் சொன்னாள். நண்டு, இறால் வகைகளும் வலி உணரும் உயிர்கள்தான் என்று பிரிட்டனில் 2022-ல் சட்டமே போட்டிருக்கிறார்களாம். படித்தவர்கள் பல வருஷம் ஆராய்ந்து சொன்னதை என் பிள்ளை ஏழு வயதில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான். நான் அதற்குச் சிரித்தேன்.

ஆகவே ராசா, உன் மகளோ மகனோ கேட்டால், "ஆமாம், வலிக்கும்" என்று சொல். பக்கத்தில் உட்கார். அழுது முடிக்கட்டும். பிறகு, "அதனாலதான் நாம சீக்கிரமா, சரியா செய்யணும்" என்று சொல்லிச் செய்து காட்டு. மீனைத் துடிக்கவிட்டு வேடிக்கை பார்க்காதே, தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி அடக்கிவிடு. நண்டை உயிரோடு பிய்க்காதே, ஐஸில் புதைத்து வைத்து முழுக்க அடங்கிய பிறகு வெட்டு. இதெல்லாம் கைப்பழக்கம், யாருக்கும் வந்துவிடும். அழுகிற பிள்ளையின் பக்கத்தில் வெட்கப்படாமல் உட்கார்வதுதான் கஷ்டம். பக்கத்தில் நாலு ஆம்பளைகள் நிற்கும்போது இன்னும் கஷ்டம்.

6. மகளை இறக்கு. மகனுக்கு முன்னால் இறக்கு.

"பொம்பளப் பிள்ளை படகில் கால் வைக்கக் கூடாது" என்று என் அப்பா சொன்னார், நானும் சொன்னேன். உன் அக்கா படிக்கட்டில் நின்று நாங்கள் போவதையும் வருவதையும் பார்த்தே வளர்ந்தாள். இன்றைக்குப் பொன்னேரி மார்க்கெட்டில் கூடை போட்டு விற்கிறாள். செவுளை விலக்கிப் பார்த்து எத்தனை மணி நேரத்து மீன் என்று சொல்லிவிடுவாள். ஆனால் மடவை தண்ணீருக்கு மேலே துள்ளி, வெயிலில் வெள்ளியாக ஒரு கணம் நின்று விழுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அவளிடமிருந்து நான் பறித்தது அந்த ஒரு கணத்தை. ஒருநாள் அவளே சொன்னாள்: "மீன் எல்லாம் எங்கிட்ட செத்துதான்ப்பா வருது."

இத்தனைக்கும் எங்கள் கண்ணெதிரிலேயே இருளர் வீட்டுப் பெண்கள் அதே ஏரியில் இறங்கி இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. தொடையளவு தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி எடுப்பார்கள். இந்த வித்தையைச் சொல்லித்தந்தது ஒரு வயசான அம்மா. இறால் பயந்தால் முன்னால் ஓடாது, வாலை மடக்கிப் பின்பக்கமாகப் பாயும். அதனால் ஒரு கை முன்னால் மெல்லத் தொட வேண்டும், மறு கை பின்னால் காத்திருக்க வேண்டும். உன் பிள்ளைகளுக்கு முதலில் இதைக் காட்டு. ஒரே ஒரு இறால் உள்ளங்கைக்குள் வந்து முட்டினால் போதும், அந்த முட்டலை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். சொல்லித்தந்தது யார் என்பதையும் சொல்லு. இந்த ஏரியில் நாம் மட்டும்தான் கெட்டிக்காரர்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு ஊர் திரும்பக் கூடாது.

7. வீச்சுவலை வீசிக் காட்டுவாய், தெரியும். இருபது வருஷமாக நீ வலை தொடவில்லை, அதுவும் தெரியும். முதல் வீச்சு வட்டமாக விழாது, மடிந்துபோன வாழையிலை மாதிரிதான் விழும். விழட்டும். வெறும் வலையை இழுத்து, உதறி, அலசி, மறுபடி மடிப்பு எடுத்து நிதானமாக நீ நிற்பதை அவர்கள் பார்க்கட்டும். எனக்குப் பிடிப்பு நன்றாக இருந்த நாட்கள் ஒன்றுகூட நினைவில்லை என் பிள்ளைகளுக்கு. வெறும் வலை வந்த அன்று நான் துடுப்பை வீசி எறிந்தது மட்டும் மூன்று பேருக்கும் நினைவிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வீசும்போது நாங்கள் ஓரத்தைப் பல்லில் கவ்வுவோம். அந்த ஓரத்தில் ஈயக் குண்டுகள் கோத்திருக்கும். ஈயம் பிள்ளைகளின் மூளைக்கு ஆகாது என்று இப்போது சொல்கிறார்கள். அவர்கள் பார்த்துச் செய்வார்கள், ஆகவே நீ கவ்வாதே. தோளில் போட்டு வீசு. கைகழுவாமல் எதையும் தின்னக் கொடுக்காதே.

8. சின்னதை விடு. விடும்போது பிள்ளையின் கையால் விடச் செய்.

ஏன் விடுகிறோம் என்று கேட்பார்கள். அங்கேதான் ஏரியின் கதையையே சொல்லலாம். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். பொரிந்த குஞ்சு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில், முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகிறது. சில மாதம் இங்கே தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போய்த்தான் அது தாயாகும். முகத்துவாரம் மணல் மூடிப் போனால் உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. அதனால்தான் நம் ஆட்கள் வருஷா வருஷம் முகத்துவாரம், முகத்துவாரம் என்று அலறுவது. ஆரணியாறு கொண்டுவரும் நல்ல தண்ணீரும் கடல் கொண்டுவரும் உப்புத் தண்ணீரும் சரியாகக் கலக்கும் வரைக்கும்தான் இந்த ஏரி ஏரி. சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இது. அது மூச்சு விடுவது சின்ன வாய் வழியாகத்தான்.

நண்டு கிடைத்தால் பின்பக்கமாகப் பிடித்துத் திருப்பிக் காட்டு. வயிற்றில் உள்ள மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். அந்த மடிப்புக்குள் முட்டை ஒட்டியிருந்தால் அப்படியே தண்ணீரில் வைத்துவிடு. அழுத்திப் பார்த்தால் ஓடு மெத்தென்று இருக்கும் தண்ணி நண்டையும் விடு, அதற்குள் சதை பிடிக்கவில்லை. காசுக் கஷ்டத்தில் சினை நண்டை நான் விற்றிருக்கிறேன், மறைக்கவில்லை. வயிற்றுக்கு இல்லாதவன் செய்ததை வயிறு நிறைந்தவன் செய்யக் கூடாது. நீ லீவுக்கு வருகிறவன்.

9. அடுத்தவன் பாட்டில் இறங்காதே. உன் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லே தெரியாது. ஏரியில் எந்த நாளில் எந்தக் குழு எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று குப்பங்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்குத்தான் பாடு என்று பேர். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஏற்பாடு. நல்ல இடம் ஒருத்தனுக்கே என்று இல்லை, இன்று எனக்கு வந்தது நாளை உனக்கு. வலையில் வந்ததையும் பாடு என்போம், பட்ட கஷ்டத்தையும் பாடு என்போம். மூன்றுக்கும் ஒரே சொல் வைத்தவன் யோசித்துத்தான் வைத்திருக்கிறான்.

இளவயதில் ஒருநாள் ராத்திரி, அமாவாசை இருட்டு, இறால் ஓடுகிற நேரம், முறை இல்லாத இடத்தில் நான் வலை வைத்துப் பிடிபட்டேன். ஊர்க்கூட்டத்தில் அபராதம் போட்டார்கள், கட்டினேன், அது போயிற்று. கூட்டம் முடியும்வரை உன் தாத்தா தலை நிமிரவே இல்லை. அதுதான் போகவில்லை. ஆகவே படகை எடுக்குமுன் அங்கே இருப்பவர்களிடம், "பிள்ளைகளுக்குக் காட்ட வந்திருக்கேன்ண்ணா, எந்தப் பக்கம் இறங்கட்டும்?" என்று கேள். பிள்ளைகள் காதில் விழும்படி கேள். யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

10. யாருக்கு அதிகம் கிடைத்தது என்று எண்ணாதே. அக்காளுக்கு மூன்று, தம்பிக்கு ஒன்றுமில்லை என்றால், எந்தப் பறியில் விழுந்தாலும் அது வீட்டுக்குத்தான். போனைப் பெட்டிக்குள் வை. ஒரு படம் எடு, போதும். மீனை உயர்த்திப் பிடி, இன்னும் உயர்த்து, சிரி என்று நீ சொல்லிக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிஷம் மீனுக்கு எவ்வளவு நேரம் என்று யோசி.

11. பிடித்ததை அன்றைக்கே சமைத்து, பிடித்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. நாலு கிழங்கானும் ஒரு கைப்பிடி இறாலும்தான் கிடைக்கும், அதுவே தாராளம். செதில் எடுக்க மகனுக்கும் சொல்லிக்கொடு. குடலை எடுக்கும்போது உள்ளே என்ன தின்றிருக்கிறது என்று திறந்து காட்டு, அதைவிடப் பெரிய பாடப் புத்தகம் இல்லை. குழம்பு கொதித்ததும் முதல் கிண்ணம் பக்கத்து வீட்டுக் கிழவிக்குப் போகட்டும், அதைப் பெரியவள் கையில் கொடுத்தனுப்பு. தொழிலுக்குப் போய்வந்தவன் கறிக்கு மீன் கொடுக்காமல் வீட்டுக்குள் நுழைவது நம் வழக்கம் இல்லை. அவள் போகும்போதே கதையையும் எடுத்துக்கொண்டு போவாள். விரலளவு கிழங்கான் கிழவி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் முழ நீளம் ஆகிவிடும். திருத்தாதே.

ஒருவேளை சின்னவன் சாப்பிட மாட்டேன் என்று சொல்லலாம். நான் பார்த்த மீன், நான் தின்ன மாட்டேன் என்பான். கட்டாயப்படுத்தாதே, கேலி பேசாதே. ரசம் சாதம் போடு. அவன் மீன் தின்கிறானா இல்லையா என்பது முக்கியமில்லை. அவன் அப்படிச் சொன்னபோது நீ எப்படி முகத்தை வைத்துக்கொண்டாய் என்பதை அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் சொல்கிறேன், அதற்குத் தக்கபடி வா. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளாக இருந்தால் படகு எடுக்க வேண்டாம், கரையில் நின்று பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டலாம். வீச்சுவலை கொல்லையில் தொங்குகிறது. ஈயக் குண்டு ஏழெட்டு விழுந்துவிட்டது, கண்ணும் ரெண்டு இடத்தில் அறுந்திருக்கிறது, இந்த வாரம் உட்கார்ந்து பொத்தி வைக்கிறேன். என் பறி பிள்ளைகளுக்குப் பெரிசு. பனையோலை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், ஒரே அளவில் சின்னதாக இரண்டு முடைந்து வைப்பேன்.

நேற்று உன் அண்ணனுக்கும் போன் போட்டு நீ வருவதைச் சொன்னேன். நண்டு விஷயத்தையும் சொன்னேன், அன்றைக்கு நான் சிரித்தது தப்பு என்று. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. அன்றைக்குத் தண்ணி எத்தனை மணிக்கு வத்தும் என்று மட்டும் கேட்டான்.